கடைசற்பொறியும் அளவுகோலும்
முதலியார்பேட்டைத் தொழிலாளர் வரலாற்றினின்று நம் இளைஞர்க்கு ஒரு பாடம்

புதுவை நகரினின்று கடலூர்ச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் முதலியார்பேட்டையை அடையும்போது, அவ்வூரின் வாழ்வையும் வறுமையையும் நூறாண்டுக்கும் மேலாக வகுத்து நின்ற பஞ்சாலை ஒன்றின் நெடுஞ்சுவரைக் காண்பர். அச்சுவருக்குள் நிகழ்ந்த போராட்டங்களைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர், எழுதுதல் தக்கதே. ஆயினும் அச்சுவருக்குள் இருந்த பொறிகளைப் பற்றியும், அப்பொறிகளை இயக்கும் அறிவு யாருக்கு வழங்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதைப் பற்றியும் நம்மவர் எழுதியது குறைவு. நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவ்வரலாற்றின் ஒரு கூற்றை, கடைசற்பொறி என்னும் லேத்தையும் அதன்மீது அமையும் அளவுகோலையும் முன்வைத்து ஆராய விழைகின்றோம். பழைய லேத் ஒன்றின்மேல் இலக்க அளவுகாட்டியைப் பொருத்தும் தொழில் இன்று நம் இளைஞர் பலர் கைக்கொள்ளத் தக்கதாகும். அத்தொழிலின் பின்னே நிற்கும் வரலாற்றை அறிந்து அதனுள் நுழைவோர் அதனை முழுமையாக ஆளுவர் என்பது எம் நம்பிக்கை.

ஆலையும் ஊரும்

புதுவையில் மூன்று பெரும் பஞ்சாலைகள் இருந்தன. அவற்றுள் முதலியார்பேட்டையில் 1898-ஆம் ஆண்டு தோன்றிய ஆங்கிலோ-பிரெஞ்சு நூற்பாலையை மக்கள் ரோடியர் மில் என்றே அழைத்தனர். மற்ற இரண்டும் சவானா, கெப்ளே என முன்னர் வழங்கப்பெற்றுப் பின்னர் சுதேசி ஆலை, பாரதி ஆலை எனப் பெயர் பெற்றவை. 1936-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் சவானா ஆலைத் தொழிலாளர்மீது பிரெஞ்சு அரசின் படையினர் சுட்டதில் பன்னிருவர் உயிர் நீத்தனர். மக்கள் தலைவர் வ. சுப்பையா முதலானோர் நடத்திய அப்போராட்டத்தின் பயனாக 1937-ஆம் ஆண்டு எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயிற்று. எல்லைக்கு அப்பால் ஆங்கிலேய இந்தியாவிலோ வாரத்திற்கு 48 மணி நேரம் என்னும் வரம்பு 1946-ஆம் ஆண்டின் தொழிற்சாலைத் திருத்தச் சட்டத்தால்தான் வந்தது. அத்திருத்தம் உருப்பெற்ற காலத்தே வைசிராயின் நிருவாக அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

ஆலையின் பின்வரலாறும் அறியத்தக்கது. 1954 நவம்பர் 1-ஆம் நாள் புதுவையின் நிருவாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டமுறையான இணைப்பு நிறைவேறியது. நலிவுற்ற ரோடியர் ஆலையை 1980-களின் நடுவில் அரசு ஏற்றது. 2011-ஆம் ஆண்டு இறுதியில் வீசிய தானே புயல் அதனைக் கடுமையாகத் தாக்கியது. 2020-ஆம் ஆண்டு ஆலை மூடப்பட்டது.

பஞ்சாலை என்றவுடன் நூற்புக் கதிரும் தறியும் நம் நினைவுக்கு வரும். ஆனால் எந்தப் பஞ்சாலையும் ஒரு பழுதுபார்க்கும் பட்டறையின்றி ஒரு திங்களும் ஓடியதில்லை. தேய்ந்த உருளை, முறிந்த தண்டு, தளர்ந்த புஷ், பல் உடைந்த சக்கரம் ஆகிய அனைத்தும் அப்பட்டறைக்கே வந்தன. இந்தியப் பஞ்சாலைகள் பெரும்பாலும் லங்காஷயர் நாட்டு எந்திரங்களைக் கொண்டு ஓடியவை. ஒவ்வோர் உறுப்பும் கப்பலில் வரும்வரை காத்திருந்தால் ஆலை நின்றுவிடும். ஆகவே உள்ளூரிலேயே கடைந்து தீர வேண்டியிருந்தது. ஆலையின் இதயம் கொதிகலன் என்றால் அதன் மருத்துவமனை லேத் நின்ற பட்டறை எனலாம்.

பட்டறையின் கதவு

அம்மருத்துவமனையில் மருத்துவராக அமர்ந்தவர் யாவர் என்னும் கேள்வி எழுகின்றது. இக்கேள்வியை இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் மிகத் தெளிவாக எழுப்பியவர் அண்ணல் அம்பேத்கரே. பம்பாய்ப் பஞ்சாலைகளில் தீண்டத்தகாதோர் எனப்பட்ட மக்கள் நூற்புப் பகுதியில் வேலை செய்யலாம். கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் நுழைதல் இயலாது. இதற்குக் கூறப்பட்ட காரணம் வியப்பூட்டுவது. நாடாவில் ஊடை நூற்கண்டை மாற்றும்போது நூலின் நுனியை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒருவர் வாய்பட்ட நாடாவை மற்றவர் தொடுதல் தீட்டாம்! 1928-ஆம் ஆண்டின் மாபெரும் வேலைநிறுத்தக் காலத்தே, இத்தடையை நீக்குதலும் தொழிலாளர் கோரிக்கைகளுள் இடம்பெற வேண்டும் என அண்ணல் வற்புறுத்தினார்.

1938-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மன்மாட்டில் நிகழ்ந்த ஜி.ஐ.பி. இரயில்வேயின் ஒடுக்கப்பட்ட தொழிலாளர் மாநாட்டில் அவர் ஆற்றிய தலைமையுரையும் நாம் கருதத்தக்கது. நம் மக்கள் இரயில்வேயில் தண்டவாளப் பணிக் கூலிகளாகவே முடிகின்றனர், பட்டறைகளில் மெக்கானிக்குகளாகவோ மேஸ்திரிகளாகவோ அமர்த்தப்படுவது அரிது என அவர் அங்கே எடுத்துரைத்தார். முதலாளித்துவம், பார்ப்பனியம் ஆகிய இரண்டையும் தொழிலாளரின் பகைகளாக அவர் சுட்டியதும் அம்மாநாட்டில்தான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வாயால் உறிஞ்ச வேண்டாத வகையில் கையாலேயே நூல் கோக்கத்தக்க நாடாக்கள் பின்னர்ப் பரவின. கருவி மாறியது, தீட்டைக் காட்டிய சாக்கு அதனோடு பொருளற்றுப் போயிற்று. ஆயினும் கருவி மாறிய அளவிலேயே கதவு திறந்துவிடவில்லை. கதவைத் திறக்கச் சங்கமும் சட்டமும் கல்வியும் வேண்டியிருந்தன. கருவி ஒரு சாக்கை ஒழிக்கும். கதவைத் திறக்க மக்கள் கூடி முயல வேண்டும். இவ்வுண்மையை இக்கட்டுரை முழுவதற்கும் உரைகல்லாகக் கொள்வோம்.

புதுவையில் சட்டம் வேறுவகையில் நடந்தது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணையின்படி, ஒருவர் தம் சாதி சமய வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து, குடும்பப் பெயர் ஒன்றைத் தெரிந்துகொண்டு, பிரெஞ்சு உரிமையியற் சட்டத்தின்கீழ் வரலாம். ஒடுக்கப்பட்ட மக்களுள்ளும் கிறித்தவருள்ளும் பலர் அவ்வாறு துறந்து ‘ரெனோன்சான்’ எனப்பட்டனர். ஏட்டில் சமத்துவம் கிட்டியது. சேரியும் ஊரும் தனித்தனியாகவே நின்றன. ஏட்டுச் சமத்துவம் கைத்தொழிலாகவும் கூலியாகவும் மாறுதற்கு இடையில் ஒரு பாலம் தேவைப்பட்டது. பயிற்சியே அப்பாலம்.

விடுதலை பெற்ற இந்தியாவில் 1950-ஆம் ஆண்டு கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கப்பெற்றது; ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்கள் அத்திட்டத்தின்கீழ்ப் பெருகின. 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டம் வந்தது. 1973-ஆம் ஆண்டின் திருத்தத்தால் அட்டவணைச் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் பழகுநர் இடங்களில் ஒதுக்கீடு வழங்கப்பட்டது. தந்தையிடமிருந்து மகனுக்கும் மேஸ்திரியிடமிருந்து அவர் உறவினனுக்கும் மட்டுமே சென்ற டர்னர் தொழில், எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் பயின்ற எவர்க்கும் உரியதாகும் வழி இவ்வாறு பிறந்தது.

அளவின் கதை

டர்னர் தொழிலின் உயிர் அளவாகும். இரும்பை வெட்டுதல் எளிது. வேண்டிய இடத்தில் நிறுத்துதலே அரிது. ஒரு மயிரிழையைப் பத்தாகப் பகுத்து அதில் ஒரு பங்கை அறியும் ஆற்றல் எவ்வாறு மனிதனுக்கு வாய்த்தது?

ஓர்னான் என்னும் ஊரிற் பிறந்த பியேர் வெர்னியே, ஓர் அளவுகோலின்மேல் சற்றே வேறுபட்ட பகுப்புடைய சிறு கோலை நகர்த்தினால் கோடுகளின் ஒருமிப்பைக் கொண்டு நுண்ணளவை அறியலாம் என 1631-ஆம் ஆண்டு நூலெழுதி வெளியிட்டார். இன்று நம் மாணவர் கையில் உள்ள வெர்னியர் காலிப்பர் அவர் பெயரைத் தாங்கியதே. இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லி 1800-ஆம் ஆண்டையொட்டித் திருகு வெட்டும் லேத்தைச் செம்மை செய்தார். உளியைக் கையாற் பிடித்துக் கடைந்த காலம் போய், இரும்பு நழுவுதட்டில் பிணைத்த உளியைத் திருகு ஒன்று நடத்திச் செல்லும் காலம் அவரால் வலுப்பெற்றது. திருகு ஒருமுறை சுழன்றால் உளி எவ்வளவு நகரும் என்பது திட்டமாயிற்று. கைப்பிடியைச் சுற்றி வட்ட அளவுத்தட்டு அமைந்தது. பாரிசில் ழான் லோரான் பால்மேர் 1848-ஆம் ஆண்டு கையடக்கமான திருகளவிக்கு உரிமம் பெற்றார். 1867-ஆம் ஆண்டு பாரிசுக் கண்காட்சியில் அதனைக் கண்ட அமெரிக்கராகிய பிரௌனும் ஷார்ப்பும் அதனை மேலும் திருத்தி உலகெங்கும் பரப்பினர். அதுவே நம் பட்டறைகளின் மைக்ரோமீட்டர்.

இவ்வரலாற்றுள் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பிரான்சு 1795-ஆம் ஆண்டு மீட்டரைச் சட்டமாக்கிய நாடு. பிரெஞ்சுப் புதுவையின் நில ஆவணங்களில் எக்டேர், ஆர், சென்டியார் என்னும் அளவுகள் வழங்கின. ஆனால் பஞ்சாலைக்குள் நுழைந்த லங்காஷயர் எந்திரம் அங்குலத்தால் ஆனது. வாயிலுக்கு வெளியே மீட்டர், வாயிலுக்கு உள்ளே அங்குலம்! ‘ஆங்கிலோ-பிரெஞ்சு’ என்னும் ஆலைப் பெயரே இவ்விரட்டை வாழ்வைச் சொல்லாமற் சொல்லியது. இந்தியா 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறையை ஏற்றது. 1959-ஆம் ஆண்டு ஓர் அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர் என ஆங்கிலம் வழங்கும் நாடுகள் உடன்பட்டன.

இந்த 25.4 என்னும் எண்ணிலிருந்து பிறந்த ஒரு பற்சக்கரத்தைப் பழைய டர்னர்கள் நன்கறிவர். ஐந்து அங்குலம் 127 மில்லிமீட்டர். 127 பகா எண். ஆதலின் அங்குலத் திருகுடைய லேத்தில் மெட்ரிக் மறை வெட்ட வேண்டுமாயின் 127 பற்கள் கொண்ட மாற்றுச் சக்கரம் ஒன்றை இடையில் இட வேண்டும். வேறு சிறு சக்கரங்களால் அவ்விகிதத்தைத் துல்லியமாகப் பெற இயலாது. இரண்டு பேரரசுகளின் அளவு வழக்கை ஒரு பற்சக்கரம் தீர்த்து வைத்தது என்றால் மிகையாகாது.

ஒளி எண்ணும் கோல்

வட்ட அளவுத்தட்டுக்கு ஒரு குறை உண்டு. அது நழுவுதட்டின் நகர்வை நேரே அளப்பதில்லை. திருகின் சுழற்சியை மட்டுமே அளக்கும். பல்லாண்டு உழைத்த லேத்தில் திருகும் அதன் மரையும் தேய்ந்து இடைவெளி உண்டாகும். பட்டறையில் இதனைப் பேக்லாஷ் என்பர். இடைவெளி 0.3 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். கைப்பிடியைத் திசைமாற்றிச் சுற்றும்போது தட்டு 0.3 நகர்ந்ததாகக் காட்டும்; உளியோ அசையாது. கடையும் பொருளின் விட்டத்தில் இப்பிழை இருமடங்காகி 0.6 மில்லிமீட்டர் ஆகும். இதனாலேயே தேர்ந்த டர்னர், உளியை எப்போதும் ஒரே திசையிலிருந்து அணுகச் செய்வார். ஒவ்வொரு பழைய லேத்தின் குணமும் அதனை ஓட்டியவர் கைக்கே தெரியும். அவர் சொல்லிக் கொடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

இந்நிலையை மாற்றியது ஒளியால் எண்ணும் அளவுகோல். அதன் மூலக்கருத்து துணியிலிருந்து வந்தது என்றால் நம் ஆலைத் தொழிலாளர் மகிழ்வர். இரண்டு மெல்லிய மல் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சற்றே சாய்த்து வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், நூல்களினும் மிகப் பெரிய அலையலையான பட்டைகள் தோன்றும். துணியைச் சிறிது நகர்த்தினாலும் பட்டைகள் பெரிதாக நகரும். நீரலை போல் மின்னும் பட்டுத் துணியைக் குறிக்கும் ‘முவாரே’ என்னும் பிரெஞ்சுச் சொல்லே இவ்வலைப் பட்டைகளுக்கும் பெயராயிற்று. கீற்றுக் கோடுகளைச் சோதிக்க இவ்விளைவைப் பயன்படுத்தலாம் என்பதை ராலே பிரபு 1874-ஆம் ஆண்டிலேயே கண்டுரைத்தார். 1950-களில் ஸ்காத்லாந்தின் எடின்பரோவில் பெரான்டி நிறுவனத்தார் அதனைக் கொண்டு எந்திரங்களின் நகர்வை அளக்கும் அமைப்புகளை உருவாக்கினர். ஜெர்மனியின் டிரௌன்ரியூட்டில் இயங்கும் ஹைடன்ஹைன் நிறுவனம் கண்ணாடியின்மேல் நுண்கோடு பதிக்கும் கலையில் பெயர் பெற்றது. மின்னணுச் சில்லுகள் மலிந்தபின், பெரிய தொழிற்சாலைகளுக்கே உரியதாயிருந்த இக்கருவி சிறு பட்டறைகளுக்கும் எட்டியது.

இதன் இயக்கத்தை நம் இளைஞர் தெளிவாக அறிதல் வேண்டும். கண்ணாடிக் கோலில் வழக்கமாக 20 மைக்ரானுக்கு ஒரு கோடு இருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே ஒரு மில்லிமீட்டரில் 50 கோடுகள். கோலின்மேல் நகரும் தலைப்பகுதியில் ஒரு சிறு விளக்கும், அதேபோற் கோடிட்ட சிறு கண்ணாடியும், ஒளியுணரும் சில்லுகளும் உள்ளன. தலை 20 மைக்ரான் நகரும்போது ஒளி ஒருமுறை கூடிக் குறையும். கால் பங்கு தள்ளி வைத்த மற்றோர் உணர்சில்லு, நகர்வு முன்னோக்கியதா பின்னோக்கியதா என்பதைக் காட்டிக்கொடுக்கும். இவ்விரண்டு குறிகளின் ஏற்ற இறக்கங்களை எண்ணினால் ஒரு கோட்டுக்கு நான்கு எண்ணிக்கை கிடைக்கும். 20-ஐ நான்கால் வகுக்க 5 மைக்ரான். இதுவே ‘5 மைக்ரான் ஸ்கேல்’ எனக் கடைகளில் விற்பதன் பொருள். குறிகளை மேலும் நுண்ணிதாகப் பகுத்து 1 மைக்ரான் வரை காட்டும் கோல்களும் உண்டு. ஒளிக்கு மாற்றாக வடக்கு தெற்கு முனைகளை மாறி மாறிப் பதித்த காந்த நாடாவைக் கொண்ட கோல்களும் உண்டு. எண்ணெயும் அழுக்கும் அவற்றை எளிதிற் குலைப்பதில்லை.

கோல் திருகைச் சார்ந்ததன்று. நழுவுதட்டையே நேராகச் சார்ந்தது. திருகு எவ்வளவு தேய்ந்திருந்தாலும் தட்டு அசைந்தால் எண் அசையும். தட்டு நின்றால் எண் நிற்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் அங்குலம் மில்லிமீட்டராகும். ஆயினும் மறை வெட்டுவதற்கு 127 பற்சக்கரம் இன்னும் வேண்டும். அளவுகாட்டி பார்க்குமேயன்றித் திருகை நடத்தாது.

பழைய பொறியில் புதிய கோல்

பழைய லேத்தில் இதனைப் பொருத்துவோர் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாக உரைப்போம்.

முதலில் லேத்தைச் சீர் செய்தல் வேண்டும். நழுவுதட்டின் ஓரத்திலுள்ள ஜிப் என்னும் ஆப்புத் தகடு தளர்ந்திருந்தால் உளி வெட்டும் விசையால் தட்டு ஆடும். ஆடும் தட்டின்மேல் எவ்வளவு நுண்ணிய கோலை வைத்தாலும் பயனில்லை. அடுத்து, எந்தக் கோல் வேண்டும் எனத் தெளிதல். படுக்கை வழியே நீளவாட்டில் ஓடும் சேடிலுக்கு 5 மைக்ரான் கோல் போதும். குறுக்குத்தட்டுக்கோ 1 மைக்ரான் கோலே நன்று. ஏன் எனின், குறுக்குத்தட்டு 5 மைக்ரான் நகர்ந்தால் விட்டம் 10 மைக்ரான் மாறும். 25 மில்லிமீட்டர் பேரிங் இறுக்கமாக அமர வேண்டிய தண்டுக்கு ‘கே6’ பொருத்தம் குறித்திருந்தால், விட்டம் 25.002-க்கும் 25.015-க்கும் இடையில் இருத்தல் வேண்டும். மொத்த இடமே 13 மைக்ரான். பத்துப் பத்தாகத் தாவும் எண்ணைக் கொண்டு அவ்விடத்தைப் பிடித்தல் இயலுமா?

நீளவாட்டுக் கோலைப் படுக்கையின் பின்புறத்திலும், குறுக்குக் கோலைக் குறுக்குத்தட்டின் பக்கவாட்டிலும் அமைப்பர். வார்ப்பிரும்பின் மேற்பரப்பு கரடுமுரடாக இருப்பதால், திருத்தப்பட்ட அடித்தகடு ஒன்றைத் திருகாணிகளால் நிலைப்படுத்தி அதன்மேல் கோலைப் பொருத்துதல் முறை. சேடிலில் டயல் கேஜை நிறுத்திக் கோலின் முழு நீளத்துக்கும் ஓட்டிப் பார்த்து, நகர்வுப் பாதைக்குக் கோல் இணையாக உள்ளதா எனச் சோதிக்க வேண்டும், விலகல் 0.1 மில்லிமீட்டருக்குள் அடங்குதல் நன்று. கோலின் திறந்த வாய் கீழ்நோக்கியோ சிதறல் படாத பக்கமோ இருத்தல் வேண்டும். குளிர்நீரும் இரும்புச் சுருளும் விழாதவாறு தகட்டு மூடி இடுதல் வேண்டும். சேடில் இரு முனைகளையும் தொடும்போது தலைப்பகுதி கோலின் முனையில் மோதுமாயின் கண்ணாடி உடையும். ஆகவே பயண நீளத்தினும் கோல் சற்றே நீண்டிருத்தல் வேண்டும். டெயில் ஸ்டாக் நெருங்கி வரும்போது குறுக்குக் கோலில் இடிக்குமா என்பதையும் முன்னரே பார்த்தல் வேண்டும். கம்பியை இழுபடாமல் வளையமிட்டுக் கட்டி, மண்ணிணைப்பு தருதல் இன்றியமையாதது.

பொருத்தி முடித்தபின் ஒரு தண்டைக் கடைந்து, அதனை மைக்ரோமீட்டரால் அளந்து, உளி அதே இடத்தில் இருக்க அவ்விட்டத்தைக் காட்டியில் பதிய வேண்டும். அதன்பின் காட்டி நேரே விட்டத்தை உரைக்கும். குறுக்குத்தட்டின் மேலிருந்து சாய்த்து நகர்த்தும் மேல்தட்டின் அசைவை இக்கோல்கள் அறியா என்பதை நினைவிற் கொள்க. அதனைப் பூட்டி வைத்தே வேலை செய்தல் வேண்டும்.

எண் பொய்யுரைக்குமா?

ஒளிரும் எண்ணைக் கண்டவுடன் அதுவே மெய் என மயங்குவது இளமையின் இயல்பு. கோல் தான் நிற்கும் இடத்தின் நகர்வையே அளக்கின்றது; உளி முனையில் நிகழ்வதை அளப்பதில்லை. உளி தேய்ந்தால், தண்டு வளைந்தால், கோல் அதனை அறியாது.

படுக்கையின் தேய்மானத்தையும் இவ்வாறே எண்ணிப் பார்க்க வேண்டும். சக்கின் அருகேயுள்ள படுக்கைப் பகுதியே பெரிதும் உழைப்பது. அங்கே தேய்மானம் மிகுதி. அதனால் உளி 0.1 மில்லிமீட்டர் கீழே தாழ்ந்தால், 25 மில்லிமீட்டர் தண்டின் ஆரத்தில் நேரும் மாறுதல் ஏறத்தாழ 0.0004 மில்லிமீட்டரே. அதே 0.1 பக்கவாட்டில் விலகினால் விட்டத்தில் 0.2 பிழை நேரும். எனவே ஒரு நீண்ட தண்டைக் கடைந்து இரு முனைகளையும் அளந்து பார்த்தே அந்த லேத்தின் உண்மைத் தரத்தை அறிதல் வேண்டும்.

வெப்பமும் ஒரு பகை. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரான் விரியும். கடையும் சூட்டில் தண்டு 40 பாகை மிகுந்திருந்தால், 25 மில்லிமீட்டர் விட்டம் 11 மைக்ரானுக்கும் மேல் விரிந்து நிற்கும். மேலே நாம் கண்ட 13 மைக்ரான் இடத்தை இவ்வொன்றே விழுங்கிவிடும். காட்டி சரியாகவே காட்டும்; ஆறியபின் பேரிங் தளரும். ஆகவே இறுதி வெட்டுக்கு முன் ஆற விடுதலும், மைக்ரோமீட்டரால் சரிபார்த்தலும் எக்காலத்தும் நீங்காக் கடமைகள். வெர்னியேவும் பால்மேரும் பழமையாகிவிடவில்லை. இலக்கக் காட்டியின் நடுவர்களாக அவர்களே இன்றும் இருக்கின்றனர்.

நம் கடமை

இனி, நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். இலக்க அளவுகாட்டி பழைய மேஸ்திரியின் கைரகசியத்தில் ஒரு பகுதியை எல்லோரும் காணத் திறந்து வைத்துவிட்டது. எண், பார்ப்பவன் யார் மகன் என்று கேட்பதில்லை. யார் மகள் என்றும் கேட்பதில்லை. இது சிறிய செய்தியன்று. அறிவு மறைத்து வைக்கப்பட்ட ஒரு மக்களுக்குத் திறந்து கிடக்கும் அளவு ஒரு படைக்கலம். ஆனால் நாடாவின் கதையை மறவாதீர். கருவி சாக்கை ஒழித்தது. கதவைத் தானே திறக்கவில்லை. பழகுநராக யாரைச் சேர்ப்பது, யாரைப் பொறியின் முன் நிறுத்துவது, யாரைத் துப்புரவுக்கு அனுப்புவது என்னும் முடிவுகள் காட்டியின் எண்களால் எடுக்கப்படுவன அல்ல. அக்கதவில் நம் பங்கைக் கேட்டுப் பெறுதற்குச் சட்டம் உண்டு. சட்டத்தை அறிந்த சங்கமும் வேண்டும்.

பொருளியல் வாயிலாகவும் இத்தொழில் கருதத்தக்கது. கணினியால் இயங்கும் புதிய கடைசல் எந்திரத்தை வாங்கும் ஆற்றல் நம்முள் எத்தனை பேருக்கு உண்டு? நன்கு வார்க்கப்பட்ட பழைய லேத்தோ, திருகு தேய்ந்தது என்னும் ஒரே காரணத்தால் பழைய இரும்பு விலைக்கு எடைபோடப்படுகின்றது. படுக்கை நல்லதாயின் அதன்மேல் இரு கோல்களையும் ஒரு காட்டியையும் பொருத்திப் பல்லாண்டு பிழைக்கச் செய்யலாம். தட்டாஞ்சாவடியிலும் மேட்டுப்பாளையத்திலும் உள்ள தொழிற்பேட்டைகளுக்கும், கரையோர மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களுக்கும், வயல்களின் நீரேற்றிகளுக்கும் தண்டும் புஷ்ஷும் என்றும் வேண்டும். ஒரு பெரிய ஆலையின் வாயில் மூடப்பட்டமையால் ஊரின் கைத்திறனும் மூடப்பட வேண்டும் என்பதில்லை.

ஆகவே மூன்று செயல்களை நம் சங்கத்தாரின் முன் வைக்கின்றோம். ஒன்று: மாலை வகுப்புகளில் கணக்கோடும் ஆங்கிலத்தோடும் வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ் ஆகியவற்றைக் கையாளுதலும் எந்திர வரைபடம் படித்தலும் கற்பிக்கப்படுதல் வேண்டும். பிள்ளைகள் ஐ.டி.ஐ. வாயிலை மிதிக்கும் முன்பே மைக்ரானின் பொருளை அறிந்திருப்பராயின், முதல் நாளிலேயே அவர்கள் கூச்சமின்றிப் பொறியின் முன் நிற்பர். பெண்மக்களும் இவ்வகுப்பில் அமர்தல் வேண்டும். இரண்டு: பழகுநர் சட்டத்தின் ஒதுக்கீட்டு இடங்கள் ஆண்டுதோறும் எங்கெங்கே அறிவிக்கப்படுகின்றன என்பதைத் திரட்டி, விண்ணப்பிக்கத் துணை செய்யும் குழு ஒன்று அமைதல் வேண்டும்.

மூன்றாவது, வரலாற்றுக் கடமை. ஆலைகளில் உழைத்த நம் பெரியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். யார் எப்பகுதியில் சேர்க்கப்பட்டார், யார் முதன்முதல் பட்டறைக்குள் பொறியின் முன் நின்றார், யார் அவருக்குக் கற்பித்தார், எவர் தடுத்தார், தண்ணீர்ப் பானையில் யார் யார் மொண்டு குடித்தனர் என்பனவெல்லாம் அவர்கள் நெஞ்சில் உள்ளன. மேலாளரின் பேரேட்டில் இவை இரா. அடுத்த ஓராண்டுக்குள் இளைஞர் இருவர் இருவராகச் சென்று, ஒவ்வொரு முதியவர் சொல்லையும் அவர் சொன்னவாறே எழுதி, ஆண்டும் பகுதியும் குறித்துச் சங்க நூலகத்தில் வைத்தல் வேண்டும். இரும்பை மைக்ரான் அளவில் அளக்கக் கற்பது போலவே நம் முன்னோர் பட்ட பாட்டையும் பெற்ற வெற்றியையும் அளந்து பதிதல் நம் கடன்.

அன்பார்ந்த இளைஞர்களே! மன்மாட்டில் அண்ணல் எழுப்பிய கேள்வி எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடை கேட்டு நிற்கின்றது. பட்டறையின் முன் நிற்கும் மெக்கானிக்காகவும், மேஸ்திரியாகவும், பட்டறையின் உரிமையாளராகவும் நீங்கள் நின்று விடை கூறுக. அளவு கற்க, அளந்து கடைக, கற்றதை அடுத்தவர்க்கு மறைக்காது கற்பிக்க. நமக்கு மூடப்பட்டிருந்த கதவை நாம் பிறர்க்கு மூடாதிருப்பதே நாம் பெற்ற கல்விக்கு அழகு.